ஒரே உரலில் இரண்டு உலக்கை

நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த கார் சட்டென்று ஓய்ந்துவிடுகிறது. புகை இல்லை, பெரிய சத்தமும் இல்லை. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட வேகமாக, லேசாக, தடையே இல்லாததுபோலச் சுற்றுகிறது. பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் இரண்டு முறை அடித்துப் பார்ப்போம் என்று ஓட்டுநருக்குத் தோன்றும். அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு அந்தச் சத்தம் போனில் கேட்டாலே போதும். “இனி சாவியைத் தொடாதீங்க சார், டோ வண்டி அனுப்புறேன்” என்பார்.

லேசாகச் சுற்றுவதுதான் கெட்ட சகுனம். நல்ல எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தும்போது செல்ஃப் மோட்டார் முக்கி முனகித்தான் சுற்றும். அந்த முனகல் இல்லையென்றால் சிலிண்டருக்குள் காற்று நிற்கவில்லை, மூடவேண்டிய வால்வு எங்கோ திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாறி மாறி நெல் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விபத்தைப் புரிந்துகொள்வது எளிது. ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளுடையது மேலே இருக்கும். உரலின் வாய் ஒன்றுதான். இருவரும் அதை முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். இன்றைய பெரும்பாலான கார் எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் இப்படித்தான் ஓர் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வால்வு திறக்கும்போது எட்டுப் பத்து மில்லிமீட்டர் கீழே இறங்கி சிலிண்டருக்குள் தலை நீட்டுகிறது. அது மேலேறி மூடிக்கொண்ட பிறகே பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர வேண்டும்.

தாளம் போடுவது டைமிங் பெல்ட். கீழே பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க் தண்டையும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் பற்கள் கொண்ட இந்த ரப்பர்ப் பட்டை இணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால்தான் கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைப்போல இரு மடங்கு பற்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

பெல்ட் அறுந்ததும் கேம் தண்டு வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. நிற்கும் இடத்தில் சில வால்வுகள் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். ஆனால் கிராங்க் நிற்பதில்லை. ஃப்ளைவீலின் வேகமும், கியரில் இருக்கும் காரின் சக்கரங்களும் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. 3,000 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை உச்சிக்கு வருகிறது. ஓட்டுநர் ஒருமுறை கண் இமைப்பதற்குள் மோதவேண்டியதெல்லாம் பல முறை மோதி முடிந்திருக்கும். ஐந்தாறு மில்லிமீட்டர் பருமனே உள்ள வால்வுத் தண்டு வளையாமல் என்ன செய்யும்?

இப்படி மோதும்படி ஏன் செய்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் பிஸ்டன் தொடாத எஞ்சின்களும் உண்டு. அவற்றில் பெல்ட் அறுந்தால் புதியதை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்காகப் பிஸ்டன் தலையில் ஆழமாகக் குழி வெட்ட வேண்டும் அல்லது வால்வைக் குறைவாகத் திறக்க வேண்டும். இரண்டுமே எஞ்சினின் திறனுக்குக் கேடு. டீசல் எஞ்சினில் அழுத்தம் இன்னும் அதிகம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. மைலேஜ் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் ஒரு பகுதி இந்த நெருக்கத்தால் கிடைப்பது.

பல் பட்டை காருக்காகப் பிறந்ததல்ல. 1940களில் அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திரங்களுக்காக உருவானது. தையல் இயந்திரத்திலும் இதே சிக்கல்தான்: மேலே ஊசி, கீழே பாபின் கொக்கி; இரண்டும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு கணத்தில் வர வேண்டும். டைமிங் தப்பிய மெஷினில் ஊசி ஒடிந்த அனுபவம் தையல்காரர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பட்டையைக் காருக்குள் கொண்டுவந்து பெருமளவில் விற்றது ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் இருந்த கிளாஸ் நிறுவனம். விதைப்புக் கருவிகள் செய்து வளர்ந்த நிறுவனம் அது. 1961இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அது காட்டிய கிளாஸ் 1004 காரின் எஞ்சினில் சங்கிலிக்குப் பதில் பல் பட்டை இருந்தது. சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் தேவையில்லை, விலையும் மலிவு. சில ஆண்டுகளில் கிளாஸ் நிறுவனத்தை பிஎம்டபிள்யூ வாங்கிவிட்டது; பட்டையோ உலகெங்கும் பரவியது. 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவில் இருந்ததும் பெல்ட்தான். மாருதியின் கே சீரிஸ் எஞ்சின்கள் சங்கிலிக்குத் திரும்பின.

பட்டையின் உழைப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 80,000 கிலோமீட்டருக்குள் கிராங்க் 16 கோடி முறை சுற்றியிருக்கும். உள்ளே கண்ணாடி இழை நாண்கள், பற்களின் மேல் நைலான் துணி, நடுவே வெப்பம் தாங்கும் செயற்கை ரப்பர் என்று கட்டப்பட்டிருப்பதால்தான் இவ்வளவு தாங்குகிறது. ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். எனவே தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரோடு ஆண்டையும் சேர்த்தே கெடு சொல்கிறார்கள். ‘வண்டி அதிகம் ஓடலையே’ என்பவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பட்டறையில் முதல் வேலை செத்துப்போன பட்டையை விசாரிப்பது. முழுதாக அறுந்து கிடக்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் கிராங்க் சக்கரத்தைச் சுற்றியிருந்த பற்கள் மட்டும் வரிசையாகச் சிரைத்தெடுத்ததுபோல் போயிருக்கும். அப்படியென்றால் எதுவோ இறுகியிருக்கிறது. பட்டையே ஓட்டும் வாட்டர் பம்ப் இறுகியதா என்று பார்க்க வேண்டும். ஓரம் பிசிறியிருந்தால் பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் அல்லது அதற்கு வழிகாட்டும் ஐட்லர் உருளையின் பேரிங் மேல் சந்தேகம். எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் ஆயில் சீல் கசிந்திருக்கிறது. காரணத்தைப் பிடிக்காமல் புதுப் பட்டை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

அடுத்தது, ஹெட்டை இறக்க வேண்டுமா என்ற கேள்வி. இங்கே அவசரப்படும் மெக்கானிக் மிச்சமிருக்கும் வால்வுகளையும் வளைத்துவிடுவார். முதலில் கிராங்க்கைக் கையால் நகர்த்தி நான்கு பிஸ்டன்களையும் சிலிண்டரின் நடுப்பகுதியில் நிறுத்த வேண்டும். அதன் பிறகே கேமை அதன் டைமிங் குறிக்குத் திருப்பலாம். குறி சேர்த்து ஒரு பட்டையை மாட்டி, ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரெஸர் காற்று ஏற்றுகிறார்கள். சிலிண்டரின் எல்லா வால்வும் மூடியிருக்கும் நிலையில் காற்று உள்ளேயே நிற்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் ‘உஸ்’ என்றால் இன்டேக் வால்வு வளைந்திருக்கிறது. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. அதே துளையில் சிறு கேமராவை இறக்கினால் பிஸ்டன் தலையில் வால்வு பதித்த பிறை வடிவத் தழும்பு தெரியும்.

ஹெட்டை இறக்குவது எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். கழற்றிய வால்வில் வளைவு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். சமதளத்தில் உருட்டிப் பார்த்தால் தலை ஆடுவது தெரியும். வளைந்ததை நிமிர்த்திப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டாத சிக்கனம். ஒருமுறை வளைந்த உலோகம் ஓடும்போது தலை ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் போகும், பிளாக்கும் போகும். தண்டு வளைந்தபோது அதைத் தாங்கிய கைடில் விரிசல் உண்டா என்பதையும் பார்த்தாக வேண்டும். பிஸ்டனில் மேலோட்டமான தழும்பு பரவாயில்லை. விரிசல் என்றால் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான்.

புது வால்வுகளை, மூடும்போது அவை உட்காரும் சீட்டில் அரைப்புப் பசை தடவி, உறிஞ்சு கப் பொருத்திய குச்சியால் உள்ளங்கைகளுக்கிடையே மோர் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்டித் தேய்க்கிறார்கள். இரண்டு முகத்திலும் ஒரே சீரான சாம்பல் நிற வளையம் விழும்வரை தேய்க்க வேண்டும். பிறகு பசையைச் சொட்டும் மிச்சமின்றிக் கழுவி, வால்வுகளை ஸ்பிரிங்கோடு மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து எரி அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறார்கள். மறுபக்கத் துளைகள் ஈரமாகாமல் இருந்தால் வேலை சுத்தம். ஹெட்டின் அடிப்பரப்பை நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்ப்பதும் உண்டு. பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் கோணலே எல்லை. அது ஓர் ஏ4 தாளின் பருமனில் பாதி.

மாட்டும்போது போல்ட் வரிசை தலைகீழ்: நடுவிலிருந்து ஓரத்துக்கு. இறுக்கும்போது நீளும்படி செய்யப்பட்ட போல்ட்டுகள் ஒருமுறைக்குத்தான். அவற்றை டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கி, அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்புகிறார்கள். பட்டையோடு டென்ஷனர், ஐட்லர், பெல்ட்டால் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்ப் எல்லாமே புதிது.

இவ்வளவும் முடிந்த பிறகும் சாவி மெக்கானிக்கின் பையிலேயே இருக்கிறது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுகிறார். கை எங்காவது கெட்டியாகத் தட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்னால் போக வேண்டும். அந்த வேகத்தில் எதுவும் வளையாது. தட்டாமல் சுற்றிவந்து, கேமின் குறியும் கிராங்க்கின் குறியும் மறுபடி அதனதன் இடத்தில் நிற்கின்றன. கவரை மூடி, அதன்மேல் மார்க்கர் பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிட்டுத்தான் சாவியை எடுக்கிறார். செல்ஃப் மோட்டார் இப்போது நன்றாகவே முனகுகிறது.