பதிவேட்டில் இருக்கிறது பட்டம்

கடந்த மாதம் எமது அலுவலகத்துக்கு ஒரு தங்கை கல்யாணப் பலகாரத்தோடு வந்தார். உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா முடித்து, கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறவர். மாப்பிள்ளை கனடாவில். எழுத்து முடிந்து, ‘ஸ்பொன்சர்’ அலுவல்கள் நடக்கின்றன. வாழ்த்திவிட்டு, “ட்ரான்ஸ்கிரிப்ட் எடுத்திட்டீரோ?” என்று கேட்டேன். ஒவ்வொரு பாடத்திலும் என்ன பெறுபேறு என்று கல்வி நிறுவனமே எழுதித் தரும் பத்திரம் அது.

“நான் கல்யாணம் முடிச்செல்லோ போறன் அக்கா, உது என்னத்துக்கு?” என்று சிரித்தார்.

எனக்குப் பெரியம்மாவின் மகள்தான் நினைவுக்கு வந்தா.

அக்கா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்றவ. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவவும் வன்னிக்குப் போனா. அங்கே பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் 2008 வரை கணக்குப் பகுதியில் வேலை. பேரேடு, காசேடு எல்லாம் கையால்தான். இரவில் விளக்கு வெளிச்சத்தில்தான். பரீட்சை மீதி ஒரு ரூபாவால் பொருந்தாவிட்டாலும் வீட்டுக்கு வரமாட்டா என்று பெரியம்மா சொல்லுவா. 2009இல் சான்றிதழ்கள் இருந்த பை மாத்தளனில் போய்விட்டது. பிறகு செட்டிகுளம் முகாம். முன்னரே கனடா போயிருந்த அத்தான் 2012இல் அவவை அழைத்துக்கொண்டார்.

ரொறன்ரோவில், ஸ்காபரோவில் வீடு. வந்த இரண்டாம் மாதமே வேலைக்கு ஆள் சேர்க்கும் இடமொன்றில் பதியப் போனா. அங்கிருந்தவர் எங்கள் ஆள்தான். “உங்கட நாட்டுப் படிப்பு இஞ்சை செல்லாது அக்கா” என்று சொல்லி, பிஸ்கட் பொதி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு எழுதிவிட்டார். அக்கா மறுத்துப் பேசவில்லை. சான்றிதழே கையில் இல்லை, இருந்தாலும் செல்லாதாம், பிறகென்ன? ஆறு வருடம் அந்த வேலை. கை மணிக்கட்டு வீங்கும்வரை.

‘செல்லாது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. பட்டம் எந்தத் தரத்துக்குச் சமம் என்பது ஒன்று. ‘சிபிஏ’ என்ற பட்டயக் கணக்காளர் பெயரைப் போடலாமா என்பது வேறொன்று. கணக்கு வேலை செய்யலாமா என்பது மூன்றாவது. ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம் காப்பது சிபிஏ என்ற பெயரையும், கணக்காய்வு போன்ற சில பணிகளையும்தான். கடையொன்றின் வரவு செலவைப் பதிவதற்கும், சம்பளப் பட்டியல் போடுவதற்கும், வழங்குநர்களின் பில்களைச் சரிபார்த்துக் கொடுப்பதற்கும் எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. அக்கா வன்னியில் பத்து வருடத்துக்கு மேல் செய்தது இந்த வேலைகளைத்தான். இதை அவவுக்கு யாரும் சொல்லவில்லை. நான் படித்த சமூகவியலில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. அவை இங்கே வேண்டாம்.

2018இல், வைத்தியர் இரவு வேலையை நிறுத்தச் சொன்ன பிறகு, அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தா. நான் அப்போது படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். “உன்னால கம்பஸுக்கு ஒருக்காப் போய்ப் பாக்கேலுமே? என்ரை பேர் இன்னும் அங்கை இருக்குமோ தெரியாது” என்றா. பதிவிலக்கத்தைக் கேட்டேன். கடகடவென்று மனப்பாடமாகச் சொன்னா.

அக்கா அனுப்பிய அதிகாரக் கடிதத்தோடு திருநெல்வேலிக்குப் போனேன். பெயர் இருந்தது. பதிவேட்டில் பாடமும் பெறுபேறும் வரி வரியாக இருந்தன. பை தொலைந்தது வேறு, பட்டம் தொலைவது வேறு என்று அன்றுதான் எனக்கே விளங்கியது. அன்று மாலை அதைச் சொன்னபோது மறுமுனையில் சத்தமே வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த சிக்கலுக்கு எந்த அலுவலகத்தையும் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தில் அக்காவின் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர். கடவுச்சீட்டில் கணவரின் பெயர். போதாததற்கு அவவின் சொந்தப் பெயரையே ஓரிடத்தில் ‘டீ, எச்’ என்றும் மற்ற இடத்தில் வெறும் ‘டீ’ என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அது ஒரே பெயர். அங்கே கோவையைத் திறக்கிறவருக்கு இரண்டு பெண்கள். அப்பாவின் பெயரும் கணவரின் பெயரும் ஒரே தாளில் இருப்பது திருமணச் சான்றிதழில்தான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக்கடதாசியும் சேர்த்துக் கொடுக்க ஐந்து மாதம் போனது. இங்கிருக்கும்போதே செய்திருந்தால் இரண்டு நாள் வேலை.

ட்ரான்ஸ்கிரிப்ட்டைப் பெறும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கனடாவில் பலரும் நாடும் வெஸ், அதாவது வேர்ல்ட் எடியுகேஷன் சேர்விசஸ், போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக அதைக் கல்வி நிறுவனமே முத்திரையிட்ட உறையில் அல்லது இணையவழியில் நேரடியாக அனுப்ப வேண்டும் என்று கேட்கும். ஆசையில் உறையைப் பிரித்துப் பார்த்தால் காரியம் கெடும். உங்கள் கைக்கென்று தனிப்பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள்.

அக்காவின் பட்டம் கனேடியப் பட்டத்துக்கு ஒப்பானது என்று மதிப்பீடு வந்தது. அந்தத் தாள் வேலை தராது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவ நிமிர்ந்து பேசினா, அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். குடியேறியோருக்கான இலவச வகுப்பில் ஆங்கிலம், மாலையில் குவிக்புக்ஸ். இரட்டைப் பதிவு எங்கும் ஒன்றுதான், வரிதான் வேறு. ஒன்ராறியோவில் பதின்மூன்று வீத எச்எஸ்ரி, சம்பளத்தில் ஓய்வூதியக் கழிவு, வேலையிழப்புக் காப்புறுதிக் கழிவு. இவற்றைப் படிக்க ஒரு வருடம் எடுத்தது. 2019 முடிவில் உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் சிறிய நிறுவனமொன்றில் கணக்கு லிகிதராகச் சேர்ந்தா. இன்றும் அங்கேதான்.

சிபிஏ ஆகவில்லை. விசாரித்துப் பார்த்தா: கனடாவின் வரி, சட்டம் போன்ற விடுபட்ட பாடங்களை முடித்து, தொழிற்கல்வி படித்து, இறுதிப் பரீட்சை எழுதி, முப்பது மாத நடைமுறை அனுபவமும் காட்ட வேண்டியிருந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், பல்கலைக்கழகம் போகும் மகனையும் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று முடிவெடுத்தா. அது அவவின் முடிவு, நான் குறை காணமாட்டேன். இருபத்தைந்து வயதில் போகிறவர் வேறு முடிவு எடுக்கலாம். அந்தப் பாடத்திட்டம் இப்போது மாற்றப்பட்டு வருவதால், போகிற ஆண்டில் உள்ள விதியை அந்த மாகாணத்துச் சிபிஏ அமைப்பிடமே கேளுங்கள். இடையில் நின்று பணம் கேட்பவரிடம் வேண்டாம்.

கதவும் முன்போல் இறுகப் பூட்டியில்லை. ஒன்ராறியோ 2006இல் வெளிநாட்டில் தகைமை பெற்றோரை நியாயமாக மதிப்பிட வேண்டுமென்று சட்டம் இயற்றியது. 2023 டிசம்பர் முதல், விலக்குப் பெற்றாலன்றி, தொழில்சார் ஒழுங்குமுறை அமைப்புகள் ‘கனேடிய அனுபவம்’ கேட்கக்கூடாது. 2026 ஜனவரி முதல் இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலும் அதைக் கேட்க முடியாது. சட்டம் வந்ததால் மனங்கள் மாறிவிட்டன என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் “செல்லாது” என்று ஒருவர் சொன்னால், “எந்த விதியின்படி?” என்று கேட்கலாம்.

பிரித்தானியாவில் ‘கணக்காளர்’ என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். பட்டயக் கணக்காளர் என்ற பெயருக்குத்தான் காவல். அவுஸ்திரேலியாவுக்குக் கணக்காளராகவே குடியேற விண்ணப்பித்தால், அங்குள்ள கணக்காளர் அமைப்பொன்று முதலில் தகைமையைப் பார்க்கும்.

தொழில் தகைமையின் புள்ளிகளோடு கனடாவுக்கு விண்ணப்பிக்கிறவரிடம் 2013இலிருந்து வெளிநாட்டுக் கல்விக்கு மதிப்பீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். மனைவியாகப் போகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் எமது பெண்கள் எடுப்பதுமில்லை. கூறைக்கும் தாலிக்கொடிக்கும் பெட்டியில் இடம் இருக்கும். இரண்டு தாளுக்கு இருக்காது.

சான்றிதழ் தொலைத்த சகோதரிகள் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியையும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சாதாரண தரம், உயர்தரப் பெறுபேறுகள் பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கின்றன. வேலை செய்த இடத்தில், என்ன வேலை, எத்தனை வருடம் என்று கடிதத் தலைப்பில் எழுதி வாங்குங்கள். அக்காவால் அதை மட்டும் வாங்க முடியவில்லை. கையெழுத்து வைக்க வேண்டியவர்களில் பலர் இன்று இல்லை.

பலகாரம் கொண்டுவந்த தங்கையின் அடையாள அட்டையையும் டிப்ளோமாவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம். திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டிருக்கிறார்.