காலிக் கோட்டை

இலங்கையின் தென்மேற்குக் கடற்கரையில் காலி என்னும் துறைமுகப் பட்டினம் உள்ளது. அதன் பழைய நகர் மூன்று புறமும் கடல் சூழ்ந்த நிலமுனையில் அமைந்தது. 1588-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். கடற்புறத்தைப் பாறையும் அலையுமே காக்கும் என நம்பினர் போலும். நிலத்தை நோக்கிய வடபுறத்தில் மதிலும், துறைமுகத்தருகே ஒரு சிறு காவலரணுமே எழுப்பினர். 1640-இல் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர், கடற்புறத்தையும் வளைத்து மதில் கட்டி, நகர் முழுவதையும் கோட்டைக்குள் அடக்கினர்.

உயர்ந்த மெல்லிய மதில் பீரங்கிக் குண்டுக்கு முன் நில்லாது. ஆதலின் வடமதில் மண் நிரப்பிய பருத்த உடலுடன் சாய்வாக எழுகின்றது. அதினின்று கொத்தளங்கள் கோணவடிவில் முன்னே நீண்டு நிற்கின்றன. ஒரு கொத்தளத்தினின்று சுட்டால், அடுத்ததன் அடியில் பதுங்கிய பகைவனும் தப்ப இயலாது. இவற்றிற்குச் சூரியன், சந்திரன், விண்மீன் எனப் பெயரிட்டவர் டச்சுக்காரர். போர்க்களத்திற்கு ஒவ்வாத இனிய பெயர்கள்!

கட்டட முறை ஐரோப்பியருடையது. கட்டிய கைகள் இந்நாட்டு மக்களுடையவை. கருங்கல்லோடு கடலிற்கிடைத்த பவளக்கல்லும் மதிலில் இடம்பெற்றது. தெருக்களில் பூவரசு நிழல் தந்தது. வீடுகளின் முன்னே தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள் அமைந்தன. நிலத்தடிச் சாக்கடைகளைக் கடல்நீரே கழுவிச் சென்றது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை காலியைத் தாக்கியது. கோட்டைக்கு வெளியே பேருந்து நிலையமும் கடைவீதியும் சிதைந்தன, பலர் மாண்டனர். பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய மதில் அன்று அலையைத் தாங்கியமையால், உள்ளிருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின.