நன்னடத்தைக்குப் பூச்சியம்

நல்ல நூலொன்றைப் படித்தவன் அதனைத் தன் நண்பனுக்குச் சொல்லாமல் இருப்பதில்லை. திரைப்படத்துக்கும் இவ்வியல்பு பொருந்தும். ஆசிரியத் தொழில் புரியும் நண்பர் ஒருவரும் நானும் சில ஆண்டுகளாக இத்தகைய பண்டமாற்றொன்றை நடத்தி வருகின்றோம். யாவரும் அறிந்த படங்களைக் கூறலாகாது. விந்தையானவற்றையே கூறவேண்டும் என்பது எங்கள் விதி. இவ்வழியே பிரெஞ்சுப் படங்கள் எங்களுக்கு அறிமுகமாயின.

நண்பர் முதலில் தந்தது, அல்பேர் லாமோரிஸ் 1956இல் வெளியிட்ட 'சிவப்புப் பலூன்'. பாரிஸ் நகரத்துத் தெருக்களிலே பலூன் ஒன்று ஒரு சிறுவனை நாய்க்குட்டிபோற் பின்தொடர்கின்றது. படம் ஓடுவது 34 நிமிடங்களே. உரையாடலோ மிகச் சில சொற்கள். ஆயினும் சிறந்த திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது!

பதிலுக்கு நான் கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' என்னும் படத்தைக் கூறினேன். 1962இல் வெளிவந்த இது, ஏறக்குறைய முழுவதும் அசையா நிழற்படங்களால் ஆனது. உறங்கும் பெண்ணொருத்தி கண் திறக்கும் ஒரு கணத்தில் மட்டும் படம் அசைகின்றது. அசைவென்பது எத்துணை அற்புதம் என்பதை அக்கணம் உணர்த்திவிடுகின்றது.

எங்களிடையே வாதத்தை மூட்டியது நண்பர் அடுத்துக் கூறிய படமே. ஜான் விகோ 1933இல் ஆக்கிய அதன் பெயர் 'நன்னடத்தைக்குப் பூச்சியம்'. விடுதிப் பாடசாலையொன்றில் மாணவர் கிளர்ந்தெழுவதே கதை. தலைமையாசிரியர் உருவிற் சிறுத்தவர், தாடி நீண்டவர். தலையணைகள் கிழிந்து இறகுகள் பனிபோற் பறக்க, பிள்ளைகள் மெல்ல அசைந்து ஊர்வலம் வரும் காட்சியில், இசை பின்னிருந்து முன்னாக ஒலிக்கின்றது. தணிக்கையாளர் இப்படத்தைத் தடைசெய்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே தடை நீங்கியது. 1934இல், தமது 29ஆம் வயதிலே காசநோயால் மறைந்த விகோ அதனைக் காணவில்லை.

"ஓர் ஆசிரியர் விரும்பத்தக்க படமா இது?" என்று கேட்டேன்.

"வகுப்பறையில் எதிரே இருப்போர் கண்ணுக்கு நாங்கள் எவ்வாறு தோன்றுகின்றோம் என்பதை எந்தப் பயிற்சிக் கலாசாலையும் எனக்குக் காட்டவில்லை, இப்படம் காட்டியது" என்றார் நண்பர். அதில் வரும் ஊகே என்னும் இளம் ஆசிரியர் தலைகீழாய் நிற்பார்; சாப்ளின்போல் நடந்து காட்டுவார். பிள்ளைகளின் கோபம் கல்வியின்மீதன்று, அன்பற்ற அதிகாரத்தின்மீதே என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

இப்படத்தின் பின்கதை இன்னும் சுவையானது. பாடசாலையை வெறுத்துத் திரிந்த பிரான்சுவா துரூபோ என்னும் சிறுவன், 1946இல் திரைப்படக் கழகமொன்றின் காட்சியில் விகோவைக் கண்டுகொண்டான். அத்தகைய கழகங்களை வளர்த்த விமரிசகர் அந்திரே பசான், பின்னர் அவனைச் சீர்திருத்த நிலையத்திலிருந்து மீட்டு ஆதரித்தார். 1959இல் துரூபோ வெளியிட்ட 'நானூறு அடிகள்', அதற்கு முந்திய ஆண்டில் மறைந்த பசானுக்கே காணிக்கையாயிற்று. தேகப்பயிற்சி ஆசிரியர் முன்னே ஓட, பின்னே வரும் மாணவர் இருவர் இருவராய் நழுவும் அதன் காட்சி, விகோவுக்குச் செய்த வணக்கமாகும்.

தடை பன்னிரண்டு ஆண்டுகள் நின்றது. கழகத்தார் ஒருவருக்கொருவர் சொல்லிய சொல்லோ அதனினும் நெடிது வாழ்கின்றது. கல்லூரிதோறும் மாணவர் சிலர் கூடி ஒரு படத்தைப் பார்த்து, அதுபற்றி வாதாடுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அங்கே எந்தச் சிறுவன் எதனைக் கண்டுகொள்வான் என்பதை யார் அறிவார்?