பாவம் யாருடையது?

யோவான் எழுதியதாக வழங்கும் நற்செய்தி நூலின் ஒன்பதாம் அதிகாரம், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவன் கண் பெற்ற செய்தியைக் கூறுகிறது. அதில் உள்ள வசனங்கள் 41. கண் பெற்ற நிகழ்ச்சியோ முதல் 7 வசனங்களிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய 34 வசனங்களும் பெரும்பாலும் கேள்வியும் மறுகேள்வியுமே. வகுப்பில் இக்கதையைச் சொல்வோர் பலர் ஏழாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். அங்ஙனம் நிறுத்தினால் கிடைப்பது ஓர் அற்புதச் செய்தி மட்டுமே. அவ்வற்புதம் நடந்ததா, இல்லையா என்று வழக்காடுவது ஈண்டு நம் நோக்கமன்று. அதிகாரம் முழுவதையும் படிப்போர்க்கு அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவது புலப்படும். அச்சொல் 'பாவம்' என்பது. அது யார் தலையில் ஏற்றப்படுகிறது, கடைசியில் யாரிடம் போய் நிற்கிறது என்று பின்தொடர்ந்து செல்வதே இவ்வதிகாரத்தைப் படிக்கும் நேர்வழி என்பது எம் கருத்து.

சொல்லைத் தொடங்கி வைப்போர் இயேசுவின் மாணாக்கர். வழியில் அம்மனிதனைக் கண்டதும், அவன் இவ்வாறு பிறந்ததற்குப் பாவஞ் செய்தவர் அவனா, அவனைப் பெற்றோரா என்று வினவுகின்றனர். அவனிடம் அவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவனைப் பற்றியே பேசுகின்றனர்.

பிறக்குமுன் ஒருவன் எவ்வாறு பாவஞ் செய்ய இயலும்? நம்மவர்க்கு உடனே முற்பிறப்பு வினை நினைவுக்கு வரும். ஆனால் மறுபிறப்பைப் பற்றி இந்நூல் எதுவும் கூறவில்லை. கருவிலிருக்கும் குழந்தையும் தவறு செய்யக்கூடும் என்னும் எண்ணம் பழைய யூத உரைகளில் உண்டு. தந்தையர் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தொடரும் என்பது யாத்திராகமத்தில் காணப்படுவது. எசேக்கியேல் நூலின் பதினெட்டாம் அதிகாரம் அதனை மறுத்து, மகன் தந்தையின் குற்றத்தைச் சுமப்பதில்லை என்கிறது. ஆகவே மாணாக்கர் கேட்டது, அவர்களுடைய மறைநூலுக்குள்ளேயே நெடுங்காலம் தீராதிருந்த வழக்கு.

அவ்வழக்கு நம்மிடையேயும் தீர்ந்தபாடில்லை. குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் ஊரார் முதலில் தாயைத்தான் நோக்குவர். என்ன பாவமோ என்று அவர் காதுபடவே சொல்வர். பெற்றோர் நாணி அப்பிள்ளையை வீட்டினுள் வைத்துக்கொள்வர். பள்ளிப் பதிவேட்டில் அதன் பெயர் ஏறாது. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ருபெல்லா என்னும் அம்மை கண்டால் குழந்தை கண்புரையோடு பிறக்கக்கூடும் என்பதை, ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். காரணம் வேறு, குற்றம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி இயேசுவின் விடைக்கு வருவோம். இவனும் பாவஞ் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்கிறார். இதில் ஐயமில்லை. அடுத்து, இறைவன் செயல் இவனிடத்தில் விளங்கும் பொருட்டு என்று ஒரு தொடர் வருகிறது. தமிழாசிரியர்க்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. 'விளங்கும் பொருட்டு' என்பது எச்சமாய் நிற்பது; அது எந்த முற்றைக் கொண்டு முடிகிறது? பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'பிறந்தான்' என்னும் முற்று வந்து அதனை முடித்து வைக்கிறது. கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் அவ்வினை இல்லை. பழைய கிரேக்கப் படிகளில் சொற்களுக்கிடையே இடைவெளியில்லை, நிறுத்தக்குறிகளும் அரிது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத நம் ஏட்டுச் சுவடிகளைப் படித்தோர்க்கு இவ்விடர் புதிதன்று.

எனவே அறிஞர் சிலர் வேறு வகையாகவும் கூட்டிப் படிப்பர். பெற்றோரும் செய்யவில்லை என்பதோடு வாக்கியத்தை முடித்துவிட்டு, அவ்வெச்சத்தை அடுத்த வசனத்தோடு சேர்ப்பர். அப்போது, இறைவன் செயல் இவனிடத்தில் விளங்கும் பொருட்டு, என்னை அனுப்பியவருடைய பணிகளை நாம் பகல் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்று பொருள்படும். முதல் வகையில், தம் பெருமை விளங்க இறைவன் ஒரு குழந்தையைக் கண்ணின்றிப் பிறப்பித்தார் என்ற முடிவு வந்து நெஞ்சை உறுத்துகிறது. இரண்டாம் வகையில் பிறப்புக்குக் காரணமே கூறப்படவில்லை. செய்ய வேண்டிய பணியே கூறப்படுகிறது. பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் முதல் வகையையே கொள்கின்றன என்பதையும், வினையைத் தொக்க விட்டு எழுதுவது இந்நூலாசிரியரின் வழக்கமே என்பதையும் மறைத்தல் கூடாது. இலக்கணத்தின் வலிமை முதல் வகைக்கு. மனம் செல்வது இரண்டாவதற்கு.

மற்றொரு நுட்பம். பிற்காலப் படிகள் பலவற்றில் 'நான்' செய்ய வேண்டும் என்றிருக்க, மிகப் பழைய படிகளில் பன்மை காணப்படுகிறது. கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்', அவர்களை விலக்கும் 'நாங்கள்' என்ற வேறுபாடு கிரேக்கத்தில் இல்லை, தமிழில் உண்டு. கேள்வி கேட்ட மாணாக்கரையும் பணிக்கு அழைப்பதாகக் கொண்டால் 'நாம்' என்பதே பொருந்தும்.

பிறகு இயேசு சேற்றைப் பிசைந்து அவன் கண்ணில் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவச் சொல்கிறார். அன்று ஓய்வுநாள். அந்நாளில் விலக்கப்பட்ட 39 வகைத் தொழில்களுள் பிசைதலும் ஒன்றென யூத மரபுநூலாகிய மிஷ்னா கூறும். வழக்கு அங்கிருந்து கிளம்புகிறது. (அக்குளத்தின் பழைய படிக்கட்டுகள் எருசலேமில் 2004ஆம் ஆண்டில் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது வெளிப்பட்டன.)

விசாரணையில் பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். மகன் எங்களுடையவன், பிறவியிலேயே பார்வையற்றவன். மற்றதை அவனையே கேளுங்கள், அவன் வயது வந்தவன் என்று நழுவுகின்றனர். தொழுகைக் கூடத்திலிருந்து விலக்கப்படுவோம் என்ற அச்சமே காரணம் என்கிறார் நூலாசிரியர். இவ்விலக்கம் இயேசுவின் காலத்தைவிட, நூல் எழுதப்பட்ட முதல் நூற்றாண்டின் இறுதிக்கே பொருந்துவது என்றும், தம் கூட்டத்தார் பட்ட துன்பத்தையே ஆசிரியர் இக்கதையின் ஊடே எழுதியுள்ளார் என்றும் லூயிஸ் மார்ட்டின் 1968இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். முழுவதும் ஒப்பாதோரும் அதனைப் புறக்கணிக்க இயலவில்லை. ஈண்டு ஓர் எச்சரிக்கை: 'யூதர்' என்று இவ்வதிகாரம் சொல்லுமிடத்துச் சமயத் தலைவர்களையே குறிக்கிறது. கண் பெற்றவனும் யூதன், பெற்றோரும் யூதர், இயேசுவும் யூதரே. இதனை மறந்து ஓர் இனத்தையே பழித்தோர் வரலாற்றில் உண்டு.

கண் பெற்றவனோ அஞ்சவில்லை. இயேசு என்னும் மனிதர் என்று முதலில் சொன்னவன், பின்னர்த் தீர்க்கதரிசி என்கிறான். அதன்பின் இறைவனிடமிருந்து வந்தவர் என்கிறான். விசாரிப்போர் நடை இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அடுத்து, இவன் பார்வையற்றிருந்தான் என்பதையே நம்ப மறுக்கின்றனர். பின்பு, இயேசு பாவி என்பது எங்களுக்குத் தெரியும் என்கின்றனர். அவர் பாவியோ அல்லரோ நான் அறியேன், நான் அறிந்தது என் கண் திறந்தது ஒன்றே என்று அவன் விடை கூறும் இடம் அதிகாரத்தின் உச்சம்.

முடிவில், முழுதும் பாவத்தில் பிறந்த நீயா எமக்குப் போதிப்பது என்று சினந்து அவனை வெளியே தள்ளுகின்றனர். மாணாக்கர் இரண்டாம் வசனத்தில் கேட்ட வினாவுக்கு, இயேசு மறுத்த அதே விடையை, முப்பத்துநான்காம் வசனத்தில் இவர்கள் அளித்துவிட்டனர்.

தள்ளப்பட்டான் என்று கேள்வியுற்ற இயேசு அவனைத் தேடிக் காண்கிறார். குளத்தில் கண் திறந்தபோது அவர் உடனில்லை. ஆதலின் அவரை அவன் கண்ணால் காண்பது இப்போதுதான். அருகிலிருந்த பரிசேயர் சிலர், நாங்களும் குருடரோ என்கின்றனர். குருடராயிருந்தால் உங்களுக்குப் பாவமில்லை, காண்கிறோம் என்று நீங்கள் சொல்வதால் பாவம் உங்களிடம் தங்கியிருக்கிறது என்று விடை வருகிறது. அதிகாரத்தில் அச்சொல் கடைசியாக வருமிடம் அதுவே.