விழிஞ்ஞத்தில் வீட்டுக் கிணறும் மின் பம்பும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் கோவளத்தை அடுத்து அமைந்துள்ள விழிஞ்ஞம், ஆய் மன்னர்களின் காலத்திலேயே துறைமுகமாக விளங்கிய ஊர். 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இங்குப் புதிய பன்னாட்டுத் துறைமுகம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. நகரம் வளருமிடத்தில் நீரின் தேவையும் வளரும். எனினும் கேரளத்துக் குடும்பங்களின் நீர்த்தேவை இன்னமும் பெருமளவு வீட்டு முற்றத்துக் கிணற்றையே சார்ந்துள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அம்மாநிலக் குடும்பங்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் கிணற்று நீரையே முதன்மையாகப் பயன்படுத்தினர்.

கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில், எடுக்கும் நீருக்கு மனித உழைப்பே ஓர் எல்லையாக இருந்தது. மின் பம்பு அவ்வெல்லையை நீக்கிவிட்டது. ஆகவே, எத்தகைய பம்பினைப் பொருத்துவது என்னும் கேள்வி, வசதியைப் பற்றியது மட்டுமன்று. கிணறு நிலைத்திருப்பதைப் பற்றியதுமாகும். பம்பிற்கு ஏற்பக் கிணற்றை மாற்ற இயலாது; கிணற்றிற்கும் நிலத்திற்கும் ஏற்பவே பம்பினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிலத்தின் இயல்பு

விழிஞ்ஞம் போன்ற தென் கேரளக் கடற்கரைப் பகுதிகளில் சிறு தொலைவிற்குள்ளேயே நிலத்தின் தன்மை மாறுபடுகிறது. முதலாவது, கடலோர மணற்பட்டை. இங்கு மழையால் சேர்ந்த நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. இரண்டாவது, மேட்டு நிலங்களில் காணப்படும் செம்புறைக்கல். கேரளத்தில் வெட்டுக்கல் எனப்படும் இது, துளைகள் நிறைந்தது. மழைநீரை விரைவாக ஏற்கும், அதே விரைவில் வடியவும் விடும். இதன் அடியில் பல இடங்களில் வெளிறிய மென்களிமண் அடுக்கு உண்டு. மூன்றாவது, இவற்றிற்கும் கீழேயுள்ள கடினப் பாறை. அதில் நீர் கிடைப்பது பாறையின் வெடிப்புகளைப் பொறுத்தது.

திருவனந்தபுரம் பகுதி தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் பயன்பெறுகிறது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். ஆயினும் செம்புறைக்கல் நிலத்துக் கிணறுகளில் ஆடியில் கைக்கெட்டும் நீர், பங்குனி சித்திரையில் பல மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. எனவே பம்பினைத் தேர்வு செய்வதற்கான அளவுகளைக் கோடையிலேயே எடுத்தல் வேண்டும். மழைக்காலத்து நீர்மட்டத்தை நம்பி வாங்கிய பம்பு, நீர் மிகவும் தேவைப்படும் மாதங்களில் பயன்படாது போகும்.

ஊறுதிறனை அறிதல்

கிணற்றின் ஊறுதிறனை அறிய, கற்கட்டிய கயிறும் கடிகாரமும் போதும். எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 3,140 லிட்டராகும். கோடையில் நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால் 1,570 லிட்டர் எடுக்கப்பட்டதாகிறது. மட்டம் பழைய நிலைக்குத் திரும்ப 3 மணி நேரமானால், கிணறு மணிக்குச் சற்றேறக்குறைய 520 லிட்டர் ஊறுகிறது எனக் கொள்ளலாம்.

ஐவர் கொண்ட குடும்பத்திற்கு, ஆளுக்கு நாளொன்றிற்கு 135 லிட்டர் என்னும் நகர்ப்புற அளவின்படி 675 லிட்டர் வேண்டும். தோட்டத்திற்கும் சேர்த்து 1,000 லிட்டர் எனலாம். மேற்கூறிய கிணறு இத்தேவையை இரண்டு மணி நேர ஊற்றிலேயே நிறைவு செய்துவிடும். எனவே நீரின் அளவு இங்குக் குறையன்று. அதனை எடுக்கும் வேகமே கவனத்திற்குரியது.

கோடையில் பம்பின் அடிவால்விற்கு மேல் 60 சென்டிமீட்டர் நீரே நிற்பதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 1,880 லிட்டர். மணிக்கு 4,000 லிட்டர் இறைக்கும் பம்பு, ஊற்றையும் கணக்கில் கொண்டால், அரை மணி நேரத்தில் அதனை வற்றச் செய்துவிடும். மணிக்கு 1,800 லிட்டர் இறைக்கும் பம்பிற்கோ ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகும். பம்பினை நிறுத்த மறந்த ஒரு நாளில், இவ்வேறுபாடே மோட்டாரைக் காக்கும். நீர்மட்டம் திடீரெனத் தாழ்ந்தால், கிணற்றைச் சூழ்ந்த ஈரமண்ணின் அழுத்தம் பக்கச் சுவரைத் தள்ளும். மென்களிமண் அடுக்கு சரிந்து கிணறே தூர்ந்து போகக்கூடும். சிமெண்டு உறை இறக்கப்படாத கிணறுகளில் இந்த ஆபத்து மிகுதி.

உறிஞ்சுதலுக்கு உள்ள எல்லை

தரைமட்டத்தில் வைக்கப்படும் பம்பு நீரை 'இழுப்பதாக'ப் பலர் கருதுகின்றனர். உண்மையில் காற்றழுத்தமே நீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கோட்பாட்டளவில் இதன் உச்ச எல்லை 10.3 மீட்டர்; நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டரே. குதிரைத் திறனைக் கூட்டுவதால் இவ்வெல்லை மாறாது.

கோடை நீர்மட்டம் 6 மீட்டருக்குள் இருப்பின் தரையில் வைக்கும் மோனோபிளாக் பம்பு போதுமானது; பழுதுபார்ப்பதும் எளிது. அதற்கும் கீழே இறங்கும் கிணற்றில், உள்ளே மேடை அமைத்துப் பம்பினைத் தாழ்த்தி வைக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் நீர் ஏறி மோட்டார் மூழ்கும் இடர் உண்டு. திறந்த கிணற்றுக்கான நீர்மூழ்கிப் பம்பில் உறிஞ்சும் சிக்கல் இல்லை. எனினும் அது எப்பொழுதும் நீரில் மூழ்கியிருத்தல் வேண்டும். கோடையில் போதிய நீர் நிற்காத கிணற்றிற்கு அது உகந்ததன்று. ஜெட் பம்பு ஆழத்திலிருந்து நீரைக் கொணரும். ஆனால் மின்சாரத்தைக் கூடுதலாகச் செலவழிக்கும். கடினப் பாறையிலிடும் ஆழ்துளைக் கிணற்றிற்குக் குறுகிய விட்டமுள்ள நீர்மூழ்கிப் பம்பு தேவை.

குதிரைத் திறனும் செலவும்

ஆயிரம் லிட்டர் நீரை 20 மீட்டர் உயர்த்த 0.055 யூனிட் மின்சாரமே கோட்பாட்டளவில் தேவை. பம்பு, மோட்டார் ஆகியவற்றின் மொத்தத் திறன் கால் பங்கு எனக் கொண்டாலும் 0.22 யூனிட், மாதத்திற்கு 7 யூனிட்டுக்கும் குறைவு. அரைக் குதிரைத் திறன் பம்பு இப்பணியை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடித்துவிடும். ஆகவே பெரிய மோட்டாரின் சுமை மின் கட்டணத்தில் மட்டுமன்று. கூடுதல் விலை, பெரிய குழாய், அடிக்கடி பழுது, கிணற்றிற்கு நேரும் கேடு ஆகியவையும் அதில் அடங்கும். கொங்கு நாட்டின் அகன்ற பாசனக் கிணறுகளுக்கு ஏற்ற மோட்டாரை வீட்டுக் கிணற்றிற்கு அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

அடிவால்வு கிணற்றின் அடியிலிருந்து அரை மீட்டரேனும் உயர்ந்திருந்தால் மணலும் சேறும் உள்ளே புகா. உறிஞ்சு குழாயில் வளைவுகள் குறைவாகவும் இணைப்புகள் காற்றுப் புகாதவாறும் இருத்தல் வேண்டும். செம்புறைக்கல் நிலத்து நீர் பெரும்பாலும் சிறிது அமிலத் தன்மை உடையது. இரும்புக் குழாயை அரிக்கும். கடற்காற்றின் உப்பும் அதற்குத் துணை செய்யும். எனவே பி.வி.சி. குழாய்களே ஏற்றவை. மோட்டாரை மழையும் உப்புக்காற்றும் படாத சிறு அறையில் வைத்து, நிலத்தொடர்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் தவறாது அமைத்தல் வேண்டும். ஆழமான கிணற்றுக்குள் உயிர்வாயு குறைந்திருக்கக்கூடும். காற்றைச் சோதிக்காமலும், மேலே துணைக்கு ஆளின்றியும் எவரும் இறங்கலாகாது.

உப்பும் அண்டை வீடும்

மணற்பாங்கான கடலோரத்தில் நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலாரின் கணக்கு. இதன் மறுபக்கம் கவலைக்குரியது. மேலே சிறிது இறங்கினாலும் கீழேயுள்ள உப்புநீர் பன்மடங்கு உயர்ந்து வரும். இங்குக் கிணற்றை ஆழப்படுத்துவதும் வேகமாக இறைப்பதும் உப்பை அழைப்பதற்கு ஒப்பாகும். காலையும் மாலையுமாகச் சிறிது சிறிதாக எடுத்தலே முறை. நீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டுகிறதா எனக் கோடைதோறும் சோதித்தல் நலம். ஒரு கிணற்றில் ஏறிய உப்பு அண்டை வீட்டையும் விட்டுவைக்காது.

எடுத்ததை ஈடு செய்யவும் வழியுண்டு. 50 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுதோறும் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்தாலும் 72,000 லிட்டராகும். அதனை வடிகட்டிக் கிணற்றில் சேர்க்கும் 'மழப்பொலிமா' திட்டம் திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் தொடங்கப்பட்டது. விழிஞ்ஞத்தின் வீடுகளுக்கும் இது ஏற்ற வழியே.

புதிய கிணறு தோண்டுவோர் மாநில நிலத்தடி நீர்த் துறையை அணுகி நிலத்தை ஆய்ந்துகொள்ளலாம். 2002ஆம் ஆண்டுக் கேரள நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவைப்படும் இடங்களில் அதனைப் பெறுதலும் கடமையாகும். நிலத்தடி நீர் வேலிக்குக் கட்டுப்படுவதன்று. கோடையில் கிணற்றை அளந்து, தேவையைக் கணக்கிட்டு, அதற்குப் போதுமான சிறிய பம்பினைப் பொருத்தும் குடும்பம், தன் முதலீட்டைக் காப்பதோடு ஊரின் பொதுச் செல்வத்தையும் காக்கிறது.