நாட்பட்ட தோள்வலி: அறுவை சிகிச்சை குறித்து ஆய்வுகள் கூறுவது என்ன?

தோள்வலி பல மாதங்களாகத் தொடரும்போது, "அறுவை சிகிச்சை செய்துகொண்டால் தீர்ந்துவிடுமா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. கடந்த சில ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் இக்கேள்விக்குத் தெளிவான சில விடைகளைத் தந்துள்ளன. நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் மருத்துவருடன் கலந்து பேசி முடிவெடுக்க உதவும் வகையில் அவை இங்கு விளக்கப்படுகின்றன.

ரொட்டேட்டர் கஃப் என்பது யாது?

தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் தசைநாண்கள் ஒன்றுசேர்ந்து, மேற்கை எலும்பின் தலைப்பகுதியை ஒரு பட்டைபோலப் பற்றியுள்ளன. இத்தொகுதியே 'ரொட்டேட்டர் கஃப்' எனப்படுகிறது. கையை உயர்த்துவதற்கும் சுழற்றுவதற்கும் மூட்டு நிலைபெயராமல் இருப்பதற்கும் இது இன்றியமையாதது.

இத்தசைநாண்கள் நலிவடையும்போது, மேற்கையின் வெளிப்புறத்தில் வலி உணரப்படும். தலைவாருதல், உயரமான அலமாரியிலிருந்து பொருளை எடுத்தல், கொடியில் துணி உலர்த்துதல் போன்ற செயல்களின்போது வலி மிகும். அந்தப் பக்கமாகச் சாய்ந்து படுத்தால் உறக்கம் கலையும். இவ்வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் பொதுவாக நாட்பட்ட வலி எனக் கருதப்படுகிறது.

இது 'உறைந்த தோள்' எனப்படும் நிலையிலிருந்து வேறுபட்டது. உறைந்த தோளில் மூட்டே இறுகிவிடுவதால், பிறர் தூக்கிவிட்டாலும் கை முழுமையாக உயராது. நீரிழிவு உள்ளவர்களிடம் உறைந்த தோள் கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டுக்கும் சிகிச்சை வெவ்வேறு என்பதால், முதலில் நோய் எதுவென்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.

ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால் அதுவே வலிக்குக் காரணமா?

எப்போதும் அவ்வாறு கொள்ள இயலாது. தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 1995-இல் வெளியானது. அவர்களில் 60 வயதைக் கடந்தோரில் 54 விழுக்காட்டினருக்குத் தசைநாணில் பகுதிக் கிழிசலோ முழுக் கிழிசலோ இருந்தது. வயது ஏறும்போது தலைமுடி நரைப்பதைப் போலத் தசைநாண்களும் நலிவடைகின்றன. அதனால் அனைவருக்கும் வலி ஏற்படுவதில்லை. எனவே ஸ்கேன் அறிக்கையைக் கண்டு மட்டும் அச்சம் கொள்ளத் தேவையில்லை. அறிகுறிகள், நேரடிப் பரிசோதனை, ஸ்கேன் ஆகிய மூன்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவுக்கு வருவார்.

எலும்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சை

தோளின் உச்சியில் உள்ள எலும்புக்கும் அதன் கீழுள்ள தசைநாணுக்கும் இடையே இடம் குறைவதால் உராய்வு ஏற்பட்டு வலி உண்டாகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972-இல் இக்கருத்தை விரிவாக முன்வைத்து, அவ்வெலும்பின் முன்பகுதியைச் செதுக்கும் முறையை விவரித்தார். பின்னாளில் சிறு துளை வழியே கருவியைச் செலுத்திச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி முறை வந்ததும் இச்சிகிச்சை வேகமாகப் பரவியது. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டில் சுமார் 2,500 ஆக இருந்த இச்சிகிச்சையின் எண்ணிக்கை, 2010-இல் 21,000-ஐக் கடந்தது.

சிகிச்சை பெற்றவர்களில் பலர் குணமடைந்தது உண்மை. ஆயினும், எலும்பைச் செதுக்கியதால் குணமடைந்தார்களா, அல்லது நாளடைவில் தாமாகவே குணமடையக்கூடியவர்களா என்பது தெரியாமலே இருந்தது. இதனை அறிய ஒப்பீட்டு ஆய்வு தேவைப்பட்டது.

ஒப்பீட்டு ஆய்வு எவ்வாறு நடத்தப்பட்டது?

பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் நடைபெற்ற 'சிசா' என்னும் ஆய்வில் 313 நோயாளிகள் பங்கேற்றனர். அனைவருக்கும் குறைந்தது மூன்று மாதங்களாக வலி இருந்தது. உடற்பயிற்சி, ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றை அவர்கள் முன்னரே பெற்றிருந்தனர். எவருக்கும் தசைநாணில் முழுக் கிழிசல் இல்லை.

குலுக்கல் முறையில் அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினருக்கு எலும்பு செதுக்கப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு ஆர்த்ராஸ்கோப்பி கருவியால் மூட்டின் உட்புறம் பார்வையிடப்பட்டது. எலும்போ திசுவோ அகற்றப்படவில்லை. மூன்றாம் குழுவினருக்குச் சிகிச்சை ஏதுமின்றிக் கண்காணிப்பு மட்டும் அளிக்கப்பட்டது. முதல் இரு குழுவினருக்கும் தாங்கள் பெற்றது எது என்பது தெரிவிக்கப்படவில்லை. இவ்வாறு நடைபெறும் என்பதை முன்னரே விளக்கி, அவர்களின் ஒப்புதல் பெறப்பட்டிருந்தது.

இரண்டாம் குழு ஏன் தேவைப்பட்டது என்று சிலர் வியக்கலாம். அறுவை அரங்கிற்குச் சென்று வந்ததே நம்பிக்கையையும் ஓய்வையும் கூடுதல் கவனிப்பையும் தருகிறது. இவற்றாலும் வலி குறையக்கூடும். எலும்பைச் செதுக்கியதால் மட்டும் கிடைத்த பயனைப் பிரித்தறிய வேறு வழியில்லை.

கிடைத்த முடிவு

பன்னிரண்டு வினாக்கள் கொண்ட, 0 முதல் 48 வரையிலான மதிப்பெண் முறையால் தோளின் நிலை அளவிடப்பட்டது. மதிப்பெண் கூடினால் நிலைமை மேம்பட்டது எனப் பொருள். ஆறு மாதங்களுக்குப் பின் எலும்பு செதுக்கப்பட்டவர்களின் சராசரி 32.7, உட்புறம் பார்வையிடப்பட்டவர்களின் சராசரி 34.2, சிகிச்சை பெறாதவர்களின் சராசரி 29.4. எலும்பைச் செதுக்கியதால் தனிப்பயன் ஏதும் கிடைக்கவில்லை. சிகிச்சை பெறாதவர்களைக் காட்டிலும் மற்ற இரு குழுவினரின் நிலை சற்றே மேம்பட்டிருந்தது. எனினும், நோயாளி அன்றாட வாழ்வில் உணரும் அளவுக்கு அவ்வேறுபாடு பெரிதன்று.

இவ்வாய்விலும் ஒரு குறை உண்டு. பங்கேற்றோரில் சிலர் தமக்கு ஒதுக்கப்பட்ட சிகிச்சையை ஆறு மாதத்திற்குள் பெறவில்லை. எனினும், பின்லாந்தில் 210 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வும், எலும்பைச் செதுக்குவது உட்புறம் பார்வையிடுவதைவிடக் கூடுதல் பயன் தரவில்லை என்றே கண்டது. இச்சான்றுகளின் அடிப்படையில், இவ்வகை வலிக்கு இந்த அறுவை சிகிச்சையைச் செய்ய வேண்டாம் என்று 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பன்னாட்டு வல்லுநர் குழுவின் வழிகாட்டுதல் உறுதியாகப் பரிந்துரைத்தது.

உடற்பயிற்சியும் ஸ்டீராய்டு ஊசியும்

பிரிட்டனில் 708 பேர் பங்கேற்ற 'கிராஸ்ப்' ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. ஆறு மாதங்களுக்குள் தொடங்கிய வலி உள்ளவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாரார் இயன்முறைச் சிகிச்சையாளரை ஆறு முறை வரை சந்தித்துப் படிப்படியாகக் கடினமாகும் பயிற்சிகளைச் செய்தனர். மற்றொரு சாரார் ஒரே ஒரு முறை சந்தித்து, வீட்டில் செய்ய வேண்டிய எளிய பயிற்சிகளையும் அறிவுரைகளையும் பெற்றனர். ஓராண்டு முடிவில் இரு சாராரும் முன்னேற்றம் கண்டிருந்தனர். இவர்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடிக்கடி மருத்துவமனைக்குச் செல்ல இயலாதவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. முறையாகக் கற்றுக்கொண்ட பயிற்சியை வீட்டிலேயே விடாமல் செய்வதும் பயனுள்ளதே.

ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களுக்கு முதற்சில வாரங்களில் சிறிதளவு கூடுதல் நிவாரணம் கிடைத்தது. ஓராண்டைக் கணக்கிட்டால் வேறுபாடு காணப்படவில்லை. வலி மிகுந்து உறக்கமும் பயிற்சியும் தடைபடும்போது இவ்வூசி தற்காலிகமாக உதவலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும் என்பதால், மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

கிழிசலைத் தைக்கும் அறுவை சிகிச்சை

இது எலும்பைச் செதுக்குவதிலிருந்து வேறானது. இதற்கான சான்றுகளும் வேறானவை. பின்லாந்தில் 55 வயதைக் கடந்த, அடிபடாமல் கிழிசல் ஏற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பயிற்சி மட்டும் பெற்றவர்களும் கிழிசல் தைக்கப்பட்டவர்களும் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். நார்வேயில் சிறிய, நடுத்தரக் கிழிசல் உள்ள 103 பேரைப் பத்தாண்டுகள் கவனித்த ஆய்விலோ, கிழிசலைத் தைத்துக்கொண்டவர்களின் நிலை மேம்பட்டதாக இருந்தது. ஆகவே வயது, கிழிசலின் அளவு, அது உண்டான விதம், தொழிலின் தேவை ஆகியவற்றைப் பொறுத்து இம்முடிவு மாறுபடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• என் வலிக்குக் காரணம் எது? கிழிசல் உள்ளதா? அது அடிபட்டதால் ஏற்பட்டதா, வயதினால் ஏற்பட்டதா?
• பரிந்துரைக்கப்படும் அறுவை சிகிச்சை எலும்பைச் செதுக்குவதா, கிழிசலைத் தைப்பதா?
• மூன்று மாதங்கள் முறையாகப் பயிற்சி செய்து பார்க்கலாமா?
• காத்திருந்தால் கிழிசல் பெரிதாகும் வாய்ப்பு எனக்கு எவ்வளவு?
• அறுவை சிகிச்சைக்குப் பின் எத்தனை வாரங்கள் கையைப் பயன்படுத்த இயலாது?

காத்திருக்கக் கூடாத நிலைகள்

மேற்கூறிய ஆய்வுகள் நாட்பட்ட வலிக்கு மட்டுமே பொருந்தும். விழுந்தோ அடிபட்டோ திடீரெனக் கையைத் தூக்க முடியாமல் போனால், சில நாட்களுக்குள் எலும்பியல் மருத்துவரை அணுகுங்கள். இத்தகைய கிழிசலைத் தைப்பதில் காலதாமதம் நன்றன்று. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் இருந்தாலோ, தோள் வடிவம் மாறியிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோள்வலியுடன் நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை ஆகியவை சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அவசர ஊர்தியை அழையுங்கள்.

பராமரிப்பவர்களுக்கு

வலியுள்ள கையை முற்றிலும் அசைக்காமல் வைத்திருக்குமாறு வற்புறுத்த வேண்டாம்; அதனால் மூட்டு இறுகக்கூடும். பயிற்சியின்போது தாங்கக்கூடிய அளவு வலி ஏற்படுவது இயல்பு. அது அன்றிரவே தணிந்துவிட்டால் பயிற்சியைத் தொடரலாம். மறுநாளும் மிகுந்திருந்தால் பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும். முன்னேற்றம் வாரக் கணக்கில் மெல்லவே தெரியும். முதல் மாதத்தில் பலன் தெரியவில்லை எனப் பயிற்சியை நிறுத்திவிடாதிருக்க, உடன் இருப்பவரின் ஊக்கம் பெரிதும் உதவும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. தங்களுக்கு உரிய சிகிச்சையைத் தங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே முடிவு செய்யுங்கள்.