அலைநீளமும் ஆற்றலும்: ஒரு கிரகணத்தை முன்வைத்து

2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல் வட்டாரத்தில் வளையச் சூரிய கிரகணம் தென்பட்டது. சூரியப் பரப்பில் ஏறத்தாழ 94 விழுக்காட்டை நிலா மறைத்தது. ஒளி இவ்வளவு குன்றிய பின்னும் வெறுங்கண்ணால் நோக்கலாகாது என்பது மிகையான எச்சரிக்கையன்றோ என வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. ஒளியின் ஆற்றலை எதைக் கொண்டு அளப்பது என்பதில் அதற்கு விடை இருக்கிறது.

கடலலையின் வலிமையை நாம் அதன் உயரத்தைக் கொண்டு மதிக்கிறோம். ஒளியை அவ்வாறு மட்டும் மதித்தால் பாதி உண்மையே கிட்டும். ஒளி தன் ஆற்றலைத் துணுக்குத் துணுக்காகவே பொருள்களுக்கு அளிக்கிறது. 1900இல் மாக்ஸ் பிளாங்க் தொடங்கி, 1905இல் ஐன்ஸ்டைன் விரித்துரைத்த கொள்கை இது. போட்டான் எனப்படும் அத்துணுக்கின் ஆற்றல் அலையின் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் அமையும். வெற்றிடத்தில் எல்லா ஒளியும் ஒரே வேகத்தில் செல்வதால், அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். எனவே அலை குறுகக் குறுக, ஒவ்வொரு போட்டானின் ஆற்றலும் மிகும்.

சான்று நம் மாவட்டத்து மலைமேலேயே உண்டு. கொடைக்கானல் வானாய்வகத்தில் கால்சியத்தின் ஊதாக் கோட்டிலும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டிலும் சூரியனைப் படமெடுக்கத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. முன்னதன் அலைநீளம் 393.4 நானோமீட்டர், பின்னது 656.3. வகுத்துப் பார்த்தால், ஊதாப் போட்டானின் ஆற்றல் சிவப்பினுடையதைப் போல் 1.67 மடங்காகிறது. இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் பழைய ஸ்டூடியோக்களின் இருட்டறையை எண்ணிப் பாருங்கள். சிவப்பு விளக்கொளியில் படத்தாளைத் தயக்கமின்றிக் கையாண்டனர். நீல ஒளி சற்றே பட்டாலும் அத்தாள் கெட்டுவிடும். வேதிமாற்றத்தைத் தூண்டப் போட்டான்களின் எண்ணிக்கை போதாது. ஒவ்வொன்றுக்கும் உரிய ஆற்றல் வேண்டும்.

கிரகணத்தில் நிலா குறைப்பது எண்ணிக்கையை மட்டுமே. எஞ்சி வரும் நீலப் போட்டான் ஒவ்வொன்றின் ஆற்றலும் இம்மியும் குறைவதில்லை. அவை விழித்திரைச் செல்களில் வேதிச் சிதைவை உண்டாக்க வல்லவை. வழக்கமாகக் கூச்சமே நம் கண்ணைத் திருப்பிவிடும்; கிரகணத்தின் மங்கலோ நெடுநேரம் நோக்கச் செய்து, சிதைவைப் பெருக்கிவிடுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாததால், பார்வை மங்கிய பின்னரே பாதிப்பு உணரப்படுகிறது.

பஸ்றாவில் பிறந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டிலேயே கிரகணத்தின் வடிவம் குறித்துத் தனிநூல் எழுதினார். சிறு துளை வழியே சுவரில் விழும் பிறைவடிவப் பிம்பத்தை அவர் அதில் ஆராய்ந்தார். அட்டையில் ஊசித்துளையிட்டுச் சூரியனுக்கு முதுகுகாட்டி நின்று பிம்பத்தைப் பார்க்கும் அம்முறை இன்றும் ஏற்றதே. 2031 மே 21 அன்று மதுரை வழியே அடுத்த வளையக் கிரகணம் கடக்கவிருக்கிறது.